தொற்றுநோய்த் துறையில் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் வேலை: பைத்தான் மட்டும் போதுமா?

கேள்வி இதுதான். எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்து, பைத்தானும் ஓரளவு கற்றுக்கொண்ட ஒருவர் காசநோய், டெங்கு, கொரோனா போன்ற தொற்றுநோய்களில் பயோஇன்ஃபர்மேட்டிஷியனாக (உயிரியல் தரவைக் கம்ப்யூட்டரில் அலசுபவராக) வேலைக்குப் போக வேறென்ன பின்னணி வேண்டும்? கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள் இதையே எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்பார்கள்: "புரோகிராமிங் தெரியும், பயாலஜி எவ்வளவு தெரியணும்?" இரண்டு பேருக்கும் பதில் ஒன்றுதான்.

இந்தத் துறையின் கருவிகள் பெரும்பாலும் இலவசம். நெட்டில் கிடைக்கும் பாடத்தைப் பார்த்து ஒரு வாரத்தில் யாரும் ஓட்டிப் பழகிவிடலாம். சம்பளம் கொடுப்பது அதற்காக அல்ல. ரிசல்ட் ஃபைலில் "மாற்றம் ஏதுமில்லை" என்று வந்தால், உண்மையிலேயே மாற்றம் இல்லையா, அல்லது நம்மால் அந்த இடத்தைப் பார்க்கவே முடியவில்லையா என்று பிரித்துச் சொல்லத்தான். அதைச் சொல்ல, கிருமியைப் பற்றியும் தெரிய வேண்டும், லேபில் என்ன நடந்தது என்றும் தெரிய வேண்டும், ஃபைல் எப்படி உருவானது என்றும் தெரிய வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் தவறான ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவோம்.

வேலை எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்த்துவிடலாம். மருத்துவமனையிலிருந்து சளியோ ரத்தமோ தொண்டைச் சளியெடுத்த குச்சியோ லேபுக்கு வருகிறது. அங்கே டிஎன்ஏ அல்லது ஆர்என்ஏ பிரித்து, அதன் எழுத்து வரிசையை (ஏ, சி, ஜி, டி) படிக்கும் சீக்வென்சரில் ஏற்றுகிறார்கள். இல்லுமினா மெஷின் என்றால் 150 எழுத்து நீளத் துண்டுகள் லட்சக்கணக்கில் ஜோடி ஜோடியாக வரும். நானோபோர் என்றால் ஆயிரக்கணக்கான எழுத்து நீளமுள்ள துண்டுகள், பிழை சற்றுக் கூடுதலாக. இந்தத் துண்டுகள் (இவற்றை ரீடு என்பார்கள்) ஃபாஸ்ட்கியூ ஃபைலாக நம் கைக்கு வரும்போது நம் வேலை தொடங்குகிறது. முடியும் இடம் பலவாறாக இருக்கும்: இந்தக் காசநோயாளிக்கு எந்த மருந்து வேலை செய்யாது, இந்த வார்டில் பரவியது ஒரே கிருமியா, இந்த மாதம் மாவட்டத்தில் எந்தக் கொரோனா வகை ஏறுகிறது, காரணம் தெரியாத மூளைக் காய்ச்சலில் என்ன வைரஸ் இருக்கிறது.

இந்தியாவில் இந்த வேலை பெரிய அளவில் கண்ணுக்குத் தெரிந்தது 2020 டிசம்பரில் கொரோனா வைரஸின் ஜீனோமைக் கண்காணிக்கும் இன்சாகாக் கூட்டமைப்பு 10 லேப்களுடன் தொடங்கிய பிறகுதான். சென்னையில் மாநிலப் பொதுச் சுகாதார ஆய்வகத்தில் 2021-ல் முழு ஜீனோம் சீக்வென்சிங் (கிருமியின் மரபு எழுத்துகள் முழுவதையும் படிக்கும்) வசதி வந்தது. சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், வேலூரில் சிஎம்சி, புனேயில் தேசிய வைராலஜி நிறுவனம், ஹைதராபாதில் சிசிஎம்பி, டெல்லியில் ஐஜிஐபி என்று இத்தகைய ஆட்களை எடுக்கும் இடங்கள் இப்போது ஓரளவு இருக்கின்றன. மருந்து கம்பெனிகளும் சீக்வென்சிங் சேவை கம்பெனிகளும் தனி.

இனி பின்னணிக்கு வருவோம். முதலில் கிருமி.

"பயாலஜி தெரியணும்" என்றால் பாடப்புத்தகத்திலிருக்கும் கிரெப்ஸ் சுழற்சி அல்ல. நீங்கள் கையாளும் கிருமியின் ஜீனோம் எப்படி நடந்துகொள்ளும் என்பது. கொரோனா வைரஸின் ஜீனோம் 29,903 எழுத்து. டெங்கு சுமார் 10,700. இன்ஃப்ளூயன்சா சுமார் 13,500 எழுத்துதான், ஆனால் 8 தனித்தனித் துண்டுகள். இரண்டு ஃப்ளூ வைரஸ்கள் ஒரே உடலில் சந்தித்தால் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அதனால் ஃப்ளூவுக்கு எட்டையும் ஒட்டி ஒரே வம்சமரம் வரைபவர், தாயும் தகப்பனும் வேறு வேறாக இருக்கும் ஒன்றுக்கு ஒற்றைப் பரம்பரை எழுதுகிறார். துண்டுக்கு ஒரு மரம் வரைந்து ஒப்பிட வேண்டும். காசநோய்க் கிருமியின் ஒப்பீட்டு ஜீனோம் ஹெச்37ஆர்வி, 44,11,532 எழுத்து, 1998-ல் வெளியானது. ஜி, சி எழுத்துகள் மட்டுமே 65 சதவீதத்துக்கு மேல். மலேரியாவின் ஃபால்சிபாரம் இதற்கு நேர் எதிர்: 2 கோடியே 30 லட்சம் எழுத்து, 14 குரோமோசோம், ஏ-யும் டி-யும் சேர்ந்து சுமார் 80 சதவீதம். ஒன்றுக்குச் சரியாக ஓடிய லேப் முறையும் செட்டிங்கும் மற்றதற்குப் பொருந்தாது என்பதற்கு இதுவே காரணம்.

வேகமும் முக்கியம். கொரோனா வைரஸில் ஒரு பரம்பரையில் மாதத்துக்குச் சுமார் 2 மாற்றம் சேரும். காசநோய்க் கிருமியில் ஜீனோம் முழுவதிலும் வருடத்துக்குச் சுமார் அரை மாற்றம், அதாவது இரண்டு வருடத்துக்கு ஒன்று. இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில் நடந்து 2013-ல் வெளியான ஆய்விலிருந்து ஒரு கணக்கு புழக்கத்துக்கு வந்தது: இரண்டு நோயாளிகளின் காசநோய்க் கிருமிகளுக்கிடையே 5 எழுத்துக்குள் வித்தியாசம் என்றால் சமீபத்தில் பரவியிருக்க வாய்ப்பு அதிகம்; 12-க்கு மேல் என்றால் சமீபத்திய பரவல் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இந்த 5, 12 இரண்டையும் மனப்பாடமாகச் சொல்பவர்கள் நிறைய. எங்கே உடையும் என்று சொல்பவர்கள் குறைவு. ஜீனோமின் எந்தப் பகுதிகளை மறைத்துவிட்டு எண்ணினீர்கள், எந்த ஆழத்துக்குக் கீழே (ஒரு இடத்தை எத்தனை ரீடுகள் படித்தன என்பதே ஆழம்) விட்டுவிட்டீர்கள் என்பதைப் பொறுத்து அதே இரண்டு மாதிரிகள் 4 என்றும் வரும், 9 என்றும் வரும். அதோடு, வித்தியாசம் 0 என்று வந்தாலும் "முருகனிடமிருந்து செல்விக்குப் பரவியது" என்று எழுத முடியாது. செல்வியிடமிருந்து முருகனுக்கு வந்திருக்கலாம். சாம்பிள் எடுக்கப்படாத மூன்றாம் நபரிடமிருந்து இருவருக்கும் வந்திருக்கலாம். திசையைச் சொல்ல நோய் தொடங்கிய தேதியும் யார் யாரைச் சந்தித்தார்கள் என்ற களத் தகவலும் வேண்டும்.

இரண்டாவது, லேப். பிப்பெட் பிடித்து வேலை செய்தவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் என்ன நடக்கிறது என்று வரைந்து காட்டத் தெரிய வேண்டும். ஏன் என்பதற்குக் கொரோனாவின் டெல்டா வகையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

உலகம் முழுவதும் பல லேப்கள் அப்போது பயன்படுத்தியது ஆர்டிக் ப்ரைமர் தொகுப்பின் மூன்றாம் பதிப்பு. ப்ரைமர் என்பது ஜீனோமில் ஒட்டி அங்கிருந்து நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ. ஜீனோமைச் சுமார் 400 எழுத்து நீளமுள்ள 98 துண்டுகளாகப் பெருக்கும். அடுத்தடுத்த துண்டுகளின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அதனால் இரண்டு குழாய்களில் ஒற்றைப்படை, இரட்டைப்படை எனப் பிரித்து வினை நடக்கும். இதில் 72-ஆம் துண்டின் வலது ப்ரைமர் உட்காரும் இடம் 22,014 முதல் 22,038 வரை. டெல்டாவில் 22,029 முதல் 22,034 வரை 6 எழுத்து காணாமல் போயிருக்கும். ப்ரைமர் ஒட்ட வேண்டிய இடத்திலேயே பள்ளம். எனவே 72-ஆம் துண்டு சரியாகப் பெருகாது, பல மாதிரிகளில் அறவே வராது.

இதோடு போனால் பரவாயில்லை. டெல்டாவின் ஸ்பைக் புரதத்தில் ஜி142டி என்ற மாற்றம் உண்டு, அதாவது புரதத்தின் 142-ஆம் அமினோ அமிலம் ஜி-யிலிருந்து டி-யாக மாறியிருக்கும். ஜீனோம் எழுத்தில் சொன்னால் 21,987-ஆம் இடத்தில் ஜி போய் ஏ வரும். இந்த இடம் 72-ஆம் துண்டுக்குள் இருக்கிறது. அதே சமயம் 73-ஆம் துண்டின் இடது ப்ரைமர் உட்காரும் 21,962 முதல் 21,990 வரையான பகுதிக்குள்ளும் இருக்கிறது. 72 வராவிட்டால் அந்த இடத்தில் மிஞ்சுவது 73-ன் ப்ரைமர் எழுத்துகள் மட்டும். ப்ரைமர் என்பது தொழிற்சாலையில் வூகான் ஜீனோமைப் பார்த்துச் செய்த டிஎன்ஏ. அதில் எப்போதும் ஜி-தான். ப்ரைமர் பகுதியைக் கத்தரிக்கும் படியைச் சரியாகச் செய்தவர்களுக்கு அந்த இடத்தில் 'என்' வரும், அதாவது தகவல் இல்லை. சரியாகச் செய்யாதவர்களுக்கு 'ஜி' வரும், அதாவது மாற்றம் இல்லை. விளைவு, 2021-ல் பொதுத் தரவுத்தளங்களில் இருந்த டெல்டா ஜீனோம்களில் ஜி142டி பலவற்றில் இருக்கும், பலவற்றில் இருக்காது. மரத்தில் பார்த்தால் அந்த மாற்றம் வந்து வந்து போவதுபோலத் தெரியும். வைரஸ் அப்படி எதுவும் செய்யவில்லை. நான்காம் பதிப்பு ப்ரைமர்கள் வந்த பிறகு அந்த இடம் சீரானது.

இதைக் கண்டுபிடிக்க பைத்தான் உதவாது. ரீடுகள் ஜீனோமில் எங்கே பொருந்தின என்று காட்டும் பேம் ஃபைலை, ஐஜிவி என்ற பார்வை மென்பொருளில் திறந்து, 21,987-ல் நிற்கும் ரீடுகள் எங்கே தொடங்குகின்றன என்று கண்ணால் பார்க்க வேண்டும். எல்லா ரீடும் 21,962-லேயே வரிசையாகத் தொடங்கினால் அது ப்ரைமர். இப்படிப் பார்க்கும் பழக்கம் இருக்கிறதா என்பதை நேர்காணலில் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

லேப் பற்றித் தெரிய வேண்டிய மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆர்டி-பிசிஆரின் சிடி மதிப்பு (கிருமி தெரிய எத்தனை சுற்றுப் பெருக்க வேண்டியிருந்தது என்ற எண்) 30-ஐத் தாண்டினால் வைரஸ் அளவு குறைவு, ஜீனோமில் ஓட்டைகள் விழும். அந்த மாதிரியில் எதிர்பார்த்த மாற்றம் இல்லை என்றால் முதலில் ஆழத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ரன்னிலும் வெறும் தண்ணீர் வைத்த நெகட்டிவ் கன்ட்ரோல் இருக்க வேண்டும். அதில் கிருமியின் ரீடுகள் கணிசமாக வந்தால் அந்தத் தட்டு முழுவதையும் சந்தேகிக்க வேண்டும். தட்டில் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் இருந்த இரண்டு மாதிரிகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால், நோய் பரவியதா, பிப்பெட்டில் கலந்ததா என்று கேளுங்கள். தட்டின் வரைபடத்தைக் கேட்டு வாங்காமல் அவுட்பிரேக் ரிப்போர்ட் எழுதவே கூடாது.

மருந்து எதிர்ப்பில் வேறு வகைப் பொறிகள். காசநோயில் ரைஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு பெரும்பாலும் ஆர்பிஓ-பி மரபணுவின் 81 எழுத்துப் பகுதியில், 426 முதல் 452 வரையான கோடான்களில் (மும்மூன்று எழுத்துக் குழுக்களில்) வரும். அதில் அடிக்கடி காண்பது எஸ்450எல்; ஜீனோமில் 7,61,155-ஆம் இடத்தில் சி போய் டி. பழைய கட்டுரைகளிலும் சில லேப் ரிப்போர்ட்களிலும் இதே மாற்றத்தை எஸ்531எல் என்று எழுதியிருப்பார்கள், அது ஈ. கோலை கிருமியின் எண்முறை. இரண்டும் ஒன்றே என்று தெரியாதவர் ஒரே நோயாளியின் இரண்டு ரிப்போர்ட்களை வைத்துக்கொண்டு முரண்பாடு என்று மெயில் அனுப்புவார். ஐசோநியாசிட் எதிர்ப்பைத் தரும் காட்-ஜி மரபணுவின் எஸ்315டி இன்னொரு வகை. மரபணுவில் ஜி போய் சி வருகிறது என்று புத்தகம் சொல்லும். மாற்றங்களைப் பட்டியலிடும் விசிஎஃப் ஃபைலில் 21,55,168-ஆம் இடத்தில் சி போய் ஜி என்று இருக்கும். காட்-ஜி டிஎன்ஏவின் எதிர் இழையில் இருப்பதால், ஃபைலில் ஜோடி எழுத்துகள் வருகின்றன. சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதி மாற்றங்களைத் தேடுபவர்கள் இங்கேதான் முதலில் வழுக்குவார்கள். எதிர்ப்பு இருக்கும், ஸ்கிரிப்ட் இல்லை என்று சொல்லும்.

இதைவிட ஆபத்தானது எஸ்வாட்டினி நாட்டில் நடந்தது. அங்கே பல மருந்து எதிர்ப்புக் காசநோய்க் கிருமிகளில் சுமார் 30 சதவீதத்தில் ஐ491எஃப் என்ற மாற்றம் இருந்தது. அது மேலே சொன்ன 81 எழுத்துப் பகுதிக்கு வெளியே. நம்மூரில் சிபிநாட் என்று சொல்லும் எக்ஸ்பர்ட் சோதனை அந்தப் பகுதியை மட்டுமே பார்ப்பதால், ரைஃபாம்பிசின் வேலை செய்யும் என்று சொல்லிவிடும். திரவ வளர்ப்புச் சோதனையிலும் இது பல சமயம் நழுவும். முழு ஜீனோம் சீக்வென்சிங்கில் சிக்கும், தேடும் பட்டியலில் அது இருந்தால். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்டு 2023-ல் புதுப்பித்த காசநோய் ம்யூட்டேஷன் பட்டியலைத் தெரிந்துவைத்திருப்பது மட்டும் போதாது, உங்கள் மென்பொருள் அதன் எந்தப் பதிப்பை வைத்திருக்கிறது என்பதையும் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். பட்டியலில் பல மாற்றங்கள் "முக்கியத்துவம் நிச்சயமில்லை" என்ற வகையில் இருக்கின்றன. அவற்றை "எதிர்ப்பு இல்லை" என்று மருத்துவருக்கு அனுப்புவது பெரும் தவறு. கேட்டால் "சாஃப்ட்வேர் அப்படித்தான் போட்டது" என்பார்கள்.

மருத்துவமனைக் கிருமிகளுக்கு வந்தால் நிலைமை இன்னும் சிக்கல். க்ளெப்சியெல்லாவில் கொலிஸ்டின் மருந்துக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று கேட்டால், புதியவர்கள் வெளியிலிருந்து வந்து சேர்ந்து அந்த எதிர்ப்பைத் தரும் எம்சிஆர் வகை மரபணுக்களைத் தேடிவிட்டு, இல்லை என்பார்கள். ஆனால் க்ளெப்சியெல்லாவில் பெரும்பாலும் நடப்பது வேறு. எம்ஜிஆர்-பி என்ற 144 எழுத்துக் குட்டி மரபணுவின் நடுவில் (பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்) ஒரு தாவும் துண்டு வந்து உட்கார்ந்து அதை உடைத்துவிடும். இருக்கும் மரபணு கெட்டுப்போவதால் வரும் எதிர்ப்பு இது. புதிதாக ஒன்று வந்து சேர்வதை மட்டும் தேடும் மென்பொருளுக்கு இது தெரியாது. தாவும் துண்டின் நகல்கள் ஜீனோமில் பல இடங்களில் இருப்பதால், சின்ன ரீடுகளை ஒட்டி ஜீனோமை மீண்டும் கட்டும்போது (அசெம்ப்ளி) அது சரியாக அந்த இடத்தில் அறுந்துபோகும். மரபணுவின் பாதி ஒரு துண்டிலும் மீதி இன்னொன்றிலும் கிடக்கும். க்ளெபோரேட் போன்ற, இந்தக் கிருமிக்கென்றே எழுதிய மென்பொருள் இதைப் பார்க்கும். சந்தேகம் தீர வேண்டுமானால் நானோபோர் ரீடு வேண்டும். பிளாஸ்மிட்களுக்கும் (குரோமோசோமுக்கு வெளியே இருக்கும், கிருமிக்குக் கிருமி தாவக்கூடிய டிஎன்ஏ வளையங்கள்) இதே கதை. மருந்து எதிர்ப்பைத் தரும் என்டிஎம்-1 மரபணுவைப் பற்றி 2010-ல் வெளியான பெரிய ஆய்வில் சென்னை மாதிரிகளும் இருந்தன. அந்த மரபணு இருக்கிறது என்று சின்ன ரீடுகளே சொல்லிவிடும். எந்தப் பிளாஸ்மிட்டில் ஏறி ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது என்பதை அவற்றால் சொல்ல முடியாது.

மூன்றாவது, கம்ப்யூட்டர் பக்கம். பலரும் இதில்தான் அதிக நேரம் செலவழிக்கிறார்கள், ஆனால் தேவை அளவானது. லினக்ஸ் கட்டளை வரி கண்ணை மூடிக்கொண்டு வர வேண்டும். பைத்தான் அல்லது ஆர், ஏதாவது ஒன்றில் கை சரளமாக ஓட வேண்டும், மற்றதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். கோடின் பதிப்புகளை வைத்திருக்க கிட், மென்பொருளை நிறுவ கோண்டா, டாக்கர், படிகளை வரிசையாக ஓட்ட ஸ்நேக்மேக் அல்லது நெக்ஸ்ட்ஃப்ளோ, பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்த கிளஸ்டரில் வேலை போட ஸ்லர்ம். டீப் லேர்னிங் தெரிந்தால் நல்லது. இந்தத் துறையின் அன்றாட வேலையில் அது அரிதாகத்தான் கேட்கப்படும்.

சின்ன விஷயங்களில்தான் விழுவார்கள். விசிஎஃப் ஃபைல் 1-லிருந்து எண்ணும், ஜீனோமின் பகுதிகளைக் குறிக்கும் பெட் ஃபைல் 0-விலிருந்து எண்ணும். மேலே சொன்ன 7,61,155-ஐ பெட் ஃபைலில் 7,61,154 – 7,61,155 என்று எழுத வேண்டும். மறைக்க வேண்டிய பகுதிகளின் பட்டியலில் இந்த ஒன்று பிசகினால் எந்தப் பிழைச்செய்தியும் வராது, ரிசல்ட் மட்டும் தவறும். ஒவ்வொரு ரீடும் எந்தக் கிருமியுடையது என்று சொல்லும் கிராகன்2-ன் முழுத் தரவுத்தளத்தை ஏற்ற 50 ஜிபிக்கு மேல் ரேம் வேண்டும். லேப்டாப்பில் 8 ஜிபிக்குச் சுருக்கியதை ஓட்டலாம், ஆனால் அது பல ரீடுகளை அடையாளம் தெரியாதவை என்று விடும். "கிருமி எதுவும் இல்லை" என்று எழுதுவதற்கு முன் எந்தத் தரவுத்தளம் என்று பாருங்கள்.

எக்செல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் கணக்கில் சேராமல் போயிருந்தது தெரியவந்தது. பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் 65,536 வரிசைக்கு மேல் நிற்காது என்பதுதான் காரணம். அவர்களைச் சந்தித்தவர்களைத் தேடும் வேலை அதனால் தாமதமானது. நம் அளவில் அடிக்கடி நடப்பது தேதி. 03/04/2021 என்பது மார்ச் 4-ஆ, ஏப்ரல் 3-ஆ? கொரோனாவில் ஒரு மாதம் பிசகினால் இரண்டு ம்யூட்டேஷன் பிசகுகிறது, காலம் கணிக்கும் மரம் கோணலாகும். 2021-04-03 என்று வருடம் முன்னால் வைத்து எழுதச் சொல்லி லேபுடன் முதல் நாளே சண்டை போட்டுவிடுங்கள். மாதிரி எடுத்த தேதியும் சீக்வென்ஸ் செய்த தேதியும் தனித்தனிப் பத்தியில் இருக்க வேண்டும்.

நான்காவது, புள்ளியியலும் பொதுச் சுகாதாரமும். இதில் ஒரு கணக்கைக் காகிதத்தில் போடத் தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி. ஒரு மருந்துக்கு எதிர்ப்பு 1000 நோயாளிகளில் 20 பேருக்குத்தான் இருக்கிறது என்று வைப்போம். உங்கள் முறை எதிர்ப்பு உள்ளவர்களில் 99 சதவீதத்தைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 98 சதவீதத்தைச் சரியாக விடும். கேட்க நன்றாக இருக்கிறது. 20 பேரும் ஏறக்குறைய சிக்குவார்கள். மீதி 980 பேரில் 2 சதவீதம், சுமார் 20 பேர், தவறாகச் சிக்குவார்கள். "எதிர்ப்பு உண்டு" என்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது இல்லை. அந்தப் பாதிப் பேர் தேவையில்லாமல் கடுமையான மருந்து சாப்பிடப் போகிறார்கள். இதனால்தான் அரிதான எதிர்ப்புக்கு வளர்ப்புச் சோதனையால் உறுதிசெய்யச் சொல்கிறோம்.

மாதிரி எங்கிருந்து வருகிறது என்பது இன்னொன்று. ஒரு மாவட்டத்திலிருந்து வந்த ஜீனோம்களில் புதிய வகை 60 சதவீதம் என்றால், அந்த மாவட்டத்தில் 60 சதவீதம் என்று பொருளல்ல. விமான நிலையத்தில் எடுத்தவையா, ஐசியு-வில் எடுத்தவையா, ஒரே கல்யாண வீட்டில் எடுத்தவையா என்று கேட்க வேண்டும். பத்திரிகைக்குப் போகும் எண் நம் மேசையிலிருந்துதான் போகிறது.

நோயாளி விவரத்தில் கவனம் தேவை. ஃபைல் பெயரில் நோயாளி பெயர், செல்போன் எண், மருத்துவமனை எண் எதுவும் இருக்கக் கூடாது. சளி மாதிரியிலிருந்து வரும் ரீடுகளில் மனித டிஎன்ஏவும் கலந்திருக்கும். பொதுவெளியில் ஏற்றும் முன் அதை நீக்கியாக வேண்டும். கொரோனா, ஃப்ளூ ஜீனோம்கள் பெரும்பாலும் ஜிஐஎஸ்ஏஐடி தரவுத்தளத்தில் ஏறும், அங்கே எடுத்துப் பயன்படுத்த நிபந்தனைகள் உண்டு. இன்னொரு தரவுத்தளமான ஜென்பேங்க் அப்படிக் கட்டுப்படுத்தாது. இந்தியாவுக்கென ஃபரிதாபாதில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022-ல் தொடங்கியது. எதில் ஏற்றுவது என்பதைத் தனியாக முடிவு செய்யாதீர்கள், திட்டத் தலைவரிடமும் நெறிமுறைக் குழுவிடமும் எழுத்தில் வாங்குங்கள்.

பட்டம் பற்றி. எம்.எஸ்சி. பயோடெக், மைக்ரோபயாலஜி, பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ், பி.டெக்., மருத்துவம், கால்நடை மருத்துவம் என எல்லா வழியிலிருந்தும் வருகிறார்கள். பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் என்று பட்டத்தில் எழுதியிருந்தால்தான் கிடைக்கும் என்பதில்லை. அரசு ஆய்வு நிறுவனங்களில் நுழைய சிஎஸ்ஐஆர் நெட், உயிரித்தொழில்நுட்பத் துறையின் (டிபிடி) பெட், கேட் ஆகிய தேர்வுகளில் ஒன்று கையில் இருந்தால் கதவு எளிதாகத் திறக்கும். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. லேபில் அன்றாட ஓட்டத்துக்கும் ரிப்போர்ட்டுக்கும் முனைவர் பட்டம் தேவையில்லை. எந்த முறையைப் பயன்படுத்துவது என்று நீங்களே முடிவு செய்யும் இடத்துக்குப் போக வேண்டுமானால் பெரும்பாலும் கேட்பார்கள். சான்றிதழ் வகுப்புகளுக்கு லட்சக்கணக்கில் கட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஈஎம்பிஎல்-ஈபிஐ, கேலக்ஸி பயிற்சித் தளங்களில் இருப்பதே ஒரு வருடத்துக்குக் காணும்.

அந்தப் பணத்துக்கும் நேரத்துக்கும் பதிலாக ஒரு வேலையைச் செய்து கிட்ஹப்பில் வையுங்கள். கிரிப்டிக் கூட்டமைப்பு 12,289 காசநோய்க் கிருமிகளின் ஜீனோமையும், 13 மருந்துகளுக்கு ஒவ்வொன்றும் எப்படி எதிர்வினை காட்டியது என்ற லேப் முடிவையும் பொதுவில் வைத்திருக்கிறது. அதிலிருந்து 20 எடுங்கள். ரைஃபாம்பிசின் எதிர்ப்பு உள்ளவை பாதி, இல்லாதவை பாதி. சீக்வென்ஸ் தரவு வைத்திருக்கும் இ.என்.ஏ. தளத்திலிருந்து ஃபாஸ்ட்கியூ இறக்குங்கள். காசநோய் ஜீனோமை 100 மடங்கு ஆழத்தில் படிக்க 150 எழுத்து ரீடுகள் ஏறக்குறைய 29 லட்சம் வேண்டும். மாதிரிக்குச் சில நூறு எம்பி, 16 ஜிபி லேப்டாப் தாங்கும். ஃபாஸ்ட்பி-யில் சுத்தம் செய்து, பிடபிள்யூஏ-வில் ஹெச்37ஆர்வி-யோடு பொருத்தி, நகல் ரீடுகளைக் குறித்து, பிசிஎஃப்டூல்ஸில் மாற்றங்களை எடுங்கள். மரத்துக்கு என்றால் 10 ரீடுக்குக் குறைவான இடங்களை 'என்' ஆக்கி, 90 சதவீத ரீடுகள் ஒத்துக்கொண்டால்தான் மாற்றம் என்று எடுங்கள். மருந்து எதிர்ப்புக்கு அந்த 90 சதவீதக் கட்டுப்பாடு கூடாது. 10 சதவீத ரீடுகளில் மட்டும் எதிர்ப்பு மாற்றம் இருந்தாலும் அந்தச் சிறுபான்மைக் கிருமிதான் மருந்து கொடுத்தபின் வளரும். பிஈ, பிபிஈ குடும்ப மரபணுக்கள் ஒன்றைப்போல ஒன்று இருப்பதால் சின்ன ரீடுகள் இடம் மாறி ஒட்டும். மரத்திலிருந்து அவற்றை மறையுங்கள். மரம் வரையும் மென்பொருளான ஐகியூ-ட்ரீ-யில் மாற்றமுள்ள இடங்களை மட்டும் கொடுத்து மரம் வரைந்தால் கிளைகள் பொய்யாக நீளும். மாறாத எழுத்துகளின் எண்ணிக்கையையும் கொடுக்க வேண்டும்.

பிறகு உங்கள் முடிவை, காசநோய் மருந்து எதிர்ப்பைக் கணிக்கும் டிபி-ப்ரொஃபைலர் மென்பொருள் தருவதோடும், கிரிப்டிக்கின் லேப் முடிவோடும் ஒப்பிடுங்கள். 20-ம் பொருந்தினால் நல்லதுதான், ஆனால் வேலை தேடும்போது பயன்படுவது பொருந்தாதவை. ஒவ்வொன்றையும் ஐஜிவி-யில் திறந்து, ஆழம் குறைவா, இரண்டு கிருமி கலந்திருக்கிறதா, காசநோயல்லாத வேறு மைக்கோபாக்டீரியா வந்திருக்கிறதா, பட்டியலில் இல்லாத மாற்றமா, லேப் சோதனையே எல்லைக்கோட்டில் இருந்ததா என்று ஒரு பத்தி எழுதுங்கள். காரணம் தெரியவில்லை என்றால் அதையும், என்ன சோதனை செய்தால் தெரியும் என்பதையும் எழுதுங்கள். ஆள் எடுப்பவர்கள் அந்தப் பத்திகளைத்தான் படிப்பார்கள். பைப்லைனின் கோடை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.